நம்ம ஊருக்கு அது வேலை செய்யாது

இளவேனிலுக்கு வெல்லம் என்றால் பயம். பாம்பு, பல்லி, மாமியார், மேனேஜர் என்று எதற்கும் அசராதவள்தான். ஆனால் எங்கிருந்தாவது வெல்லப்பாகு காயும் வாசனை வந்துவிட்டால் போதும், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மகளின் காதோரத்தை மோந்து பார்ப்பாள். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு வெல்ல வாசனைக்குப் பயப்படுகிறவளை என்னவென்று சொல்வது? அடையவளைஞ்சான் வீதியில் யாராவது ஒருத்தர் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் கிண்டாத வாரம் ஏது?

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. மகள் செல்லக்கிளிக்கு மூன்று வயது. அப்பா வழிக் குடும்பத்தின் பழைய பெயர், கூப்பிடுவதற்குக் கிளி. சாப்பாட்டில் இருக்கும் புரதத்தின் ஒரு பகுதியைக் கிளியின் உடம்பால் உடைத்து வெளியேற்ற முடியாது. லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு வரும் கோளாறு, அந்த ஒன்று இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பால், பருப்பு, தயிர் எல்லாம் மற்ற பிள்ளைகளுக்குச் சத்து, கிளிக்கு விஷம். அந்த விஷம் ரத்தத்தில் ஏறினால் முதலில் வாசனைதான் காட்டிக்கொடுக்கும். மூத்திரத்திலும் வேர்வையிலும் காது அழுக்கிலும் பாகு காய்ந்த வாசனை வரும். அப்புறம் தூக்கம் வரும். அதற்கப்புறம் வருவதை டாக்டர் அருள்நாதன் சொல்ல ஆரம்பித்தபோது இளவேனில் காதைப் பொத்திக்கொண்டாள்.

"லேப் ரிசல்ட் வர நேரமாகும்மா. உங்க மூக்குதான் உங்களுக்கு லேப். தினமும் மோந்து பாருங்க. பாகு வாசனை வந்தா யோசிக்காதீங்க, தூக்கிட்டு இங்க வந்துருங்க" என்று புத்தூர் ஆஸ்பத்திரியில் வைத்து அவர் சொன்னார்.

கிளியை உயிரோடு வைத்திருந்தது ஒரு பவுடர். அந்த ஒரு பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மற்ற சத்தெல்லாம் சேர்த்து வெளிநாட்டில் செய்த பால்பவுடர். அதுதான் அவளுக்குச் சோறு, அதுதான் பால், அதுதான் மருந்து. திருச்சியில் எந்த மெடிக்கலிலும் அது கிடையாது. ஊருக்கு இரண்டு பிள்ளைகள் குடிக்கிற பவுடரை எந்தக் கடைக்காரர் வாங்கி அடுக்குவார்? கிடைக்கிற ஒரே இடம் பெரிய ஆன்லைன் கடை ஒன்று. அங்கேயும் கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வந்தாலும் ஊருக்கு நாலு டப்பா, ஐந்து டப்பா. கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும்.

இளவேனில் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ப்ரோகிராம் எழுதுகிறவள். கடையின் பக்கத்தை நாள் முழுக்கத் திறந்து வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் தொழிலுக்கே அவமானம் என்று பட்டது. கடையின் சாமான் பட்டியலைக் கண்ணால் பார்க்காமல் ப்ரோகிராம் மூலமாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதற்கென்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதிப் பொதுவில் போட்ட லைப்ரரி உண்டு. லைப்ரரி என்றதும் பீரோவும் தூசியும் நினைவுக்கு வர வேண்டாம். இது கடையில் விற்கிற இட்லி மாவு மாதிரி. அரைக்கிற வேலையை வேறொருவர் செய்து வைத்திருப்பார், நாம் ஊற்றி எடுத்தால் போதும். சாமானின் எண்ணையும் ஊரின் பின்கோடையும் கொடுத்து இருக்கிறதா என்று கேட்டால், அது கடையின் கம்ப்யூட்டரிடம் போய் விசாரித்து, பெயர், விலை, கையிருப்பு என்று பதிலைக் கொண்டுவந்து கொடுக்கும்.

ஒரே நிபந்தனை, கடை கொடுத்த சாவி வேண்டும். சாவி என்றால் நீளமான ஒரு ரகசியச் சொல். அதைக் காட்டினால்தான் கடை பதில் சொல்லும். கல்யாணத்துக்கு முன்னால் சமையல் குறிப்புத் தளம் ஒன்று நடத்தி, அதில் மிக்ஸிக்கும் குக்கருக்கும் விளம்பரம் போட்ட காலத்தில் இளவேனில் வாங்கிய சாவி சும்மா கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்தாள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேள், இருக்கிறது என்றால் என் போனை அலற விடு என்று சின்னதாக ஒரு ப்ரோகிராம் எழுதினாள்.

முதல் வாரம் அது அவள் உயிரை எடுத்தது. நெட் போனால் அலறியது. கடையின் கம்ப்யூட்டர் கொஞ்சம் தாமதித்தாலும் அலறியது. ஒவ்வொரு தடவையும் ஈரக்கையோடு ஓடிவந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. நெஞ்சு அடித்துக்கொள்வது அடங்கவே வெகுநேரமாகும். நாலைந்து முறை இப்படி ஆனதும் வெறுத்துப்போய், என்ன கோளாறு வந்தாலும் வாயைத் திறக்காதே, 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த முறை கேள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டாள். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது இதைச் செய்தால், கோளாறை முழுங்குகிற ப்ரோகிராமை விடப் பெரிய பொய்யன் உலகத்தில் கிடையாது என்று வாங்கு வாங்கென்று வாங்குகிறவள் அவள். ஊருக்குத்தான் உபதேசம்.

ப்ரோகிராம் வேலை செய்தது. அந்த மாதமே இரண்டு டப்பாக்கள் வந்தன. சந்தோஷம் தாங்காமல் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டாள். அதே கோளாறு உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களின் குழு அது. நாடு முழுக்கக் கூட்டிவந்தாலும் ஒரு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம், அவ்வளவுதான் பேர். நாக்பூரிலிருந்து ஒரு அப்பா, கொச்சியிலிருந்து ஒரு அம்மா, கவுகாத்தியிலிருந்து ஒரு தம்பதி என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். இளவேனில் எல்லோருக்கும் அனுப்பினாள். சாவியை எடுத்துவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அவரவர் சொந்தமாகச் சாவி வாங்குவதற்கு மாதக்கணக்காகும், பிள்ளையின் பசி அத்தனை நாள் காத்திருக்குமா? தன் சாவியோடே அனுப்பிவிட்டாள். நாக்பூர்க்காரர் டப்பா கிடைத்த அன்று அவளைத் தெய்வம் என்று எழுதினார். அவளும் அதை நாலு தடவை படித்தாள்.

இப்படி ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவள் ஒருத்திக்கு மட்டும் இல்லை என்று சொன்னாள். அவள்தான் பாலக்கரை ஃபெமினா.

ஃபெமினாவின் மகன் ஜமீலுக்கும் இதே கோளாறுதான். இரண்டு வயது. அவன் அத்தா குவைத்தில் வேலை பார்த்தார். கிளிக்கு நோய் இன்னதென்று தெரியாமல் புத்தூரில் படுக்க வைத்திருந்த முதல் வாரத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் அவள். சாப்பிடாமல் தூங்காமல் மயங்கி விழுந்த இளவேனிலைத் தூக்கி உட்கார வைத்து இடியாப்பம் ஊட்டியவள். அவள் ஒருநாள் போன் பண்ணிக் கேட்டாள்.

"அக்கா, குரூப்ல எல்லாரும் சொல்றாங்களே, அந்த ப்ரோகிராம், அத எனக்கும் போட்டுத் தாங்கக்கா. நான் பக்கத்து வீட்டுத் தம்பிய விட்டு லேப்டாப்ல போட்டுக்கிறேன்."

இளவேனில் மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாக்பூருக்கு வருகிற டப்பா நாக்பூர்க் கிடங்கிலிருந்து போகும், அதனால் இவளுக்குக் குறைச்சல் இல்லை. பாலக்கரைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஒரே கிடங்கு. அங்கே வருகிற நாலு டப்பாவில் ஜமீலுக்குப் போனது போகத்தான் கிளிக்கு.

"நம்ம ஊருக்கு அது வேலை செய்யாது ஃபெமினா. மொதல்ல வந்துச்சு, இப்ப இந்தக் கிடங்கோட கணக்கு அதுல சரியா வர மாட்டேங்குது. நானே கையாலதான் பாக்குறேன்."

"அப்படியாக்கா? சரி விடுங்க. நானும் கையாலயே பாத்துக்குறேன். வந்துச்சுன்னா உங்களுக்குச் சொல்றேன்."

அத்தோடு விஷயம் முடிந்தது. ஃபெமினா துளியும் சந்தேகப்படவில்லை, அதுதான் இளவேனிலை அறுத்தது. அதற்கப்புறம் போனில் அவள் பெயரைப் பார்த்தாலே உடம்பு கூசியது. எடுத்தால் என்ன கேட்பாளோ, என்ன பொய் சொல்ல வேண்டியிருக்குமோ என்று இரண்டு தடவை எடுக்காமல் விட்டாள். பிறகு அந்தப் பெயருக்கு மட்டும் மணி அடிக்காதபடி செய்து வைத்தாள். பாக்காத முகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லையே.

மார்கழி பிறந்தது. கப்பல் எங்கேயோ நின்றுவிட்டது என்று குழுவில் சொன்னார்கள். டப்பாவின் அடியில் கரண்டி உரசும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இளவேனில் அளவைக் குறைத்தாள். ஜவ்வரிசிக் கஞ்சியில் சர்க்கரையும் எண்ணெயும் ஊற்றிக் கொடுத்தாள். "ரெண்டு மூணு நாளைக்கு இத வெச்சு ஓட்டலாம்மா. அதுக்கு மேல போனா உடம்பு தன் சதையவே உடைச்சுத் திங்க ஆரம்பிச்சிரும். பவுடர் வந்தே ஆகணும்" என்றார் டாக்டர். கைலாசபுரத்துப் பெரிய பாய்லர் ஃபாக்டரியில் வேலை செய்யும் அவள் கணவன் நவநீதன், ஷிப்ட் முடிந்ததும் கேட்டை விட்டு வெளியே வந்து சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்று மருந்து மொத்த வியாபாரிகளுக்கெல்லாம் போன் போட்டான். பவுடரின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் வைத்துவிட்டார்கள்.

"உன் ப்ரோகிராம் என்ன சொல்லுது?" வீட்டுக்குள் நுழையும்போதே கேட்பான்.

"இல்லைன்னு சொல்லுது."

"சரியாத்தான் கேக்குதா அது? ஒருதரம் கையால பாரேன்."

"காலையில பாத்தேன், மத்தியானம் பாத்தேன். இல்ல. அது நிமிசத்துக்கு நிமிசம் பாக்குது, நம்ம பாக்குறதுக்கு மேல. உங்க பாய்லர்ல நான் வந்து கை வைக்கிறேனா? இது என் வேலை, விடுங்க." சொல்லிவிட்டு அழுதாள். அவன் கிளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். கிளி அவன் தோளில் கொடி மாதிரித் தொங்கிக்கொண்டு போனாள். முன்பெல்லாம் மாடிப்படியை அவள்தான் முதலில் ஏறுவாள்.

லேப்டாப் திரையில் வரிவரியாக இல்லை, இல்லை, இல்லை என்று இறங்கிக்கொண்டே இருந்தது. இளவேனில் அதன் எதிரே உட்கார்ந்து, ரங்கநாதா, ஒரே ஒரு டப்பா என்று கேட்டாள். கோயில் தாயாரிடம் கேட்டாள். சமயபுரத்தாளுக்கு முடி இறக்குவதாக வேண்டினாள். தன் முடி, கிளி முடி, தேவைப்பட்டால் நவநீதன் முடியும். அவனுக்கு இருப்பதே கொஞ்சம்தான்.

கூடாரவல்லி வந்தது. மார்கழியின் கடைசியில் வரும் அந்த நாளில் ஸ்ரீரங்கத்தில் அக்காரவடிசல் வைக்காத வீடு இருக்காது. அரிசியையும் பாசிப்பருப்பையும் பாலிலேயே குழைய வைத்து, வெல்லப்பாகை ஊற்றி, முழங்கை வரை வழிகிற மாதிரி நெய் விட்டுச் செய்வார்கள். விடிந்ததிலிருந்து வீதி முழுக்க அதே வாசனைதான். நவநீதன் காலை ஷிப்டுக்குப் போயிருந்தான். உள்ளே போனால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், மத்தியானம் வரை அவனைப் பிடிக்க முடியாது.

பக்கத்து வீட்டு ஆனந்தவள்ளி மாமி கிண்ணத்தோடு வந்தாள். "கூடாரவல்லியோன்னோ இன்னிக்கு! பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணியாச்சு. கொழந்தைக்கு ஆகாதுன்னு நேக்குத் தெரியும்டீ. நீயாவது ஒரு வாய் போட்டுக்கோ, மொகத்துல ரத்தமே இல்லையே. ஏன், கொழந்தை இன்னும் எழுந்துக்கலையா?"

அப்போதுதான் இளவேனிலுக்கு உறைத்தது. கிளி வழக்கமாக எழுந்திருக்கும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. கிண்ணத்தை வாங்கி மேடையில் வைத்துவிட்டு ஓடினாள். "கிளி, கிளிம்மா" என்று உலுக்கினாள். குழந்தை கண்ணைப் பாதி திறந்து மூடிக்கொண்டது. குனிந்து காதோரத்தை மோந்து பார்த்தாள்.

வெல்லம் மணத்தது.

மணத்தது பிள்ளையா, வீதியா? தன் கையை மோந்து பார்த்தாள், அதிலும் வெல்லமும் நெய்யும். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். ஜன்னல்களைச் சாத்தினாள். கிண்ணத்தை மாமியிடமே திருப்பிக் கொடுத்து, "கொண்டு போயிருங்க மாமி, தயவு பண்ணிக் கொண்டு போயிருங்க" என்று கதவைச் சாத்தினாள். மாமி திகைத்து நின்றாள். திரும்ப வந்து மோந்தால் அதே வாசனை. தலையணை, போர்வை, திரைச்சீலை, எல்லாவற்றிலும் அதே வாசனை. குழந்தையின் ஈர ஜட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கதவை மூடிக்கொண்டு மோந்தாள். காற்றுத் துவாரம் வழியாகக் கீழ்வீட்டு அடுப்பு மணத்தது. அவளிடம் இருந்த ஒரே லேப் அவள் மூக்கு. ஊரே சேர்ந்து இன்றைக்கு அதைக் குருடாக்கிவிட்டது.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று லேப்டாப்பைத் திருப்பினாள். இல்லை, இல்லை, இல்லை. குழுவில் கொச்சி அம்மாவின் செய்தி ஒன்று வந்து கிடந்தது. "மூணு நாளைக்கு முன்னால எல்லா ஊருக்கும் வந்துச்சாமே? எனக்குக் கடைப் பக்கத்துல தற்செயலாப் பார்த்துக் கிடைச்சுது. நம்ம ப்ரோகிராம் ஒண்ணுமே சொல்லலையே, ஏன்?"

இளவேனில் லேப்டாப்பை மடிக்கு இழுத்தாள். வாயைத் திறக்காதே என்று தான் எழுதிய அந்த ஒற்றை வரியை அழித்துவிட்டு ப்ரோகிராமை ஓட விட்டாள். உடனே சிவப்பு எழுத்தில் வந்து விழுந்தது. இந்தச் சாவிக்கு அனுமதித்த அளவைத் தாண்டிக் கேள்விகள் வந்துவிட்டன, பதில் தர இயலாது.

நாக்பூர், கொச்சி, கவுகாத்தி என்று எல்லோரும் ஒரே சாவியை வைத்துக்கொண்டு, பவுடர் இல்லாத பதற்றத்தில் பகலும் இரவுமாகக் கேட்டுத் தள்ளியிருக்கிறார்கள். கடை ஒரு வாரத்துக்கு முன்பே கதவைச் சாத்திவிட்டது. இந்த ஒரு வாரத்து 'இல்லை'களில் ஒன்றுகூடக் கடை சொன்னது கிடையாது. கேள்வியே போய்ச் சேராமல் அவளுடைய ப்ரோகிராம் தானாக எழுதிக்கொண்ட பொய். கடைப் பக்கத்தைக் கையால் திறந்தாள். தற்போது கையிருப்பு இல்லை என்று நிஜமாகவே போட்டிருந்தது. வந்ததும் வந்து, போனதும் போய்விட்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடிக்கிற கையைத் தடுக்கக்கூட வீட்டில் ஆள் இல்லை.

கிளியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். ஆட்டோக்காரர் காத்தமுத்து எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

"எங்கம்மா?"

"புத்தூர் ஆஸ்பத்திரிண்ணே. சீக்கிரம்."

வீதி தாண்டியும் வெல்லம் மணத்தது. மாம்பழச் சாலை வரைக்கும் மணத்தது. அல்லது மடியிலிருந்து மணத்ததா? காவிரிப் பாலத்தில் ஏறியதும் எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. "அண்ணே, இங்க நிறுத்துங்க" என்றாள்.

"பாலத்துல நிறுத்தக் கூடாதும்மா, போலீஸ்காரரு நிக்கிறாரு."

"நிறுத்துங்கண்ணே! உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

அவர் ஓரம் கட்டினார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனது. இளவேனில் பிள்ளையோடு இறங்கிக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றாள். கீழே ஆறு. சுற்றிலும் ஒரு வீடு கிடையாது, ஒரு அடுப்பு கிடையாது. காற்று வேறு எந்த வாசனையையும் அங்கே தங்க விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கிளியின் காது மடலை விலக்கி மூக்கை வைத்தாள்.

இருந்தது. காற்றையும் மீறி, பாகு முற்றிக் கருகப்போகிற அந்த வாசனை பிள்ளைக்குள்ளிருந்தே வந்தது.

"ஏம்மா, என்னாச்சு?" என்றார் காத்தமுத்து. "போங்கண்ணே" என்றாள். ஏறி உட்கார்ந்து போனை எடுத்தாள். டாக்டரிடம் வருகிறோம் என்று சொன்னாள். "பவுடர் இருக்கா? ட்ரிப் மட்டும் போதாதும்மா, பவுடர் இருந்தாத்தான் அந்த விஷத்த எறக்க முடியும்" என்றார் அவர். ஊரிலேயே அந்தப் பவுடர் இருக்கக்கூடிய இன்னொரு வீடு ஒன்றே ஒன்றுதான். யாருக்கு இல்லை என்றாளோ அவளிடமே போய் நிற்க வேண்டும். தலைக்கு மேல் போன வெள்ளம், சாண் என்ன, முழம் என்ன? காலில் விழுந்தாவது அரை டப்பா வாங்கிவிடுவது என்று ஃபெமினாவின் பெயரைத் தேடினாள்.

அங்கே கேட்காத குரல் செய்திகள் வரிசையாகக் கிடந்தன. முதல் செய்தியை அழுத்தினாள்.

"அக்கா! ஸ்டாக் வந்துருக்குக்கா! நாலு டப்பா காட்டுது. சீக்கிரம் ஆர்டர் போடுங்க. ஏன் போன் எடுக்க மாட்டேங்குறீங்க?"

அடுத்தது. "அக்கா, எனக்கு ரெண்டு போட்டுட்டேன். மிச்சம் ரெண்டு இருக்கு. நீங்க பாக்கலையா? தூங்குறீங்களா? எடுங்கக்கா, அல்லாஹ்வுக்காக எடுங்க."

அதற்கடுத்தது. "போயிரும்னு பயந்துட்டு மிச்ச ரெண்டையும் நானே போட்டுட்டேன், உங்களுக்குத்தான். உங்க ப்ரோகிராம் நம்ம ஊருக்கு வேலை செய்யாதுன்னு சொன்னீங்களே, பாவம், உங்களுக்கு எப்படித் தெரியும்? அதான் நான் அடுப்படி, பாத்ரூம் எங்க போனாலும் போனைக் கையிலயே வெச்சுத் தட்டிக்கிட்டே இருந்தேன்."

கடைசியாக, நேற்று வந்தது. "டப்பா வந்துருச்சுக்கா. எங்க வீட்லதான் இருக்கு. ஸ்ரீரங்கத்துல எந்தத் தெருன்னு தெரிஞ்சிருந்தா நானே கொண்டாந்து குடுத்திருப்பேன். கிளி நல்லா இருக்காளா? இதக் கேட்டதும் கூப்பிடுங்க."

ஆட்டோ சிந்தாமணி இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. இளவேனில் அந்தப் போனை நெற்றியில் இடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். காத்தமுத்து கண்ணாடியில் பார்த்துவிட்டு, பிள்ளை போய்விட்டது என்றே நினைத்து, "மாரியாத்தா" என்று சொல்லிக்கொண்டு சிக்னலை மதிக்காமல் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் கிளியின் கையில் ட்ரிப் ஏற்றினார்கள். மூக்கு வழியாகக் குழாய் இறக்கினார்கள். ஊசி குத்தியபோது அவள் அழாததைப் பார்த்துத்தான் டாக்டர் அருள்நாதனின் முகம் மாறியது. "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காதும்மா. பாப்போம். இன்னிக்கு ராத்திரி தாண்டட்டும்" என்றார்.

ஆட்டோவிலிருந்தே இளவேனில் கூப்பிட்டுச் சொல்லியிருந்த ஃபெமினா, இடுப்பில் ஜமீலும் கையில் ஒரு பையுமாக மூச்சிரைக்க வந்தாள். புர்க்காவின் ஓரம் சேறாகியிருந்தது. ஜமீல் கொழுகொழுவென்று இருந்தான், உள்ளே வந்த நொடியிலிருந்து கட்டில் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் தெம்பைப் பார்க்க இளவேனிலுக்கு வயிறு எரிந்தது. அப்படி எரிந்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

"அழாதீங்கக்கா. இன்ஷா அல்லாஹ் ஒண்ணும் ஆகாது. டப்பா வந்துருச்சுல்ல?" ஃபெமினா டப்பாவை உடைத்து, நர்ஸ் கொடுத்த வெந்நீரில் பவுடரை அளந்து போட ஆரம்பித்தாள். கரண்டியில் குவித்து எடுத்து, கத்தியின் முதுகால் மட்டம் தட்டி, ஒரு பொடி சிந்தாமல் போட்டாள். "உங்க ப்ரோகிராம் மட்டும் நம்ம ஊருக்கு வேலை செஞ்சிருந்தா..."

"வேலை செய்யும் ஃபெமினா."

"என்னக்கா?"

"நம்ம ஊருக்கும் வேலை செய்யும். அப்பவே செஞ்சுது. ஒரே கிடங்கு, உனக்குக் குடுத்தா எனக்குக் குறைஞ்சுரும்னு பொய் சொன்னேன். உன் போன எடுக்கவும் மூஞ்சி இல்ல. சத்தம் வராமப் போட்டு வெச்சேன்." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். சாவியை ஊருக்கெல்லாம் கொடுத்ததையும், அது பூட்டிக்கொண்டதையும், ஒரு வாரமாக வெறும் பொய்யைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னாள்.

ஃபெமினாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. பிறகு மட்டம் தட்டிய கரண்டியைத் தண்ணீரில் கவிழ்த்தாள், அடுத்ததை எடுத்தாள். கலக்கி முடித்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, நர்ஸிடம் கொடுத்தாள். நர்ஸ் அதைக் குழாயில் மெதுவாக ஏற்ற ஆரம்பித்தாள்.

"அன்னிக்கே உண்மையச் சொல்லி எங்கிட்டக் குடுத்திருந்தா, பகலெல்லாம் நீங்களும் ராத்திரியெல்லாம் நானுமா மாத்தி மாத்திப் பாத்திருக்கலாம்" என்றாள் ஃபெமினா. குரல் உயரவில்லை. "போனயாவது எடுத்திருக்கலாம்ல? மூணு நாளு. நேத்துலேருந்து டப்பா எங்க வீட்டு அலமாரியில இருக்கு. உங்க வீட்டுக் கதவு எதுன்னு தெரியாம நான் உக்காந்திருக்கேன். இந்தப் பிள்ள மூக்குல இந்தக் குழா எதுக்கு? எதுக்குன்னு சொல்லுங்க."

இளவேனில் ஃபெமினாவின் காலைத் தொடக் குனிந்தாள். ஃபெமினா சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டாள். "அதெல்லாம் வேணாம்" என்றாள். ஜமீல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினான். அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டாவது டப்பாவைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். இளவேனிலின் போனைக் கேட்டு வாங்கி, தன் பெயரைத் தேடி, மணி அடிக்கிற மாதிரி மாற்றினாள்.

வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். "சாவி சரியானதும் அந்த ப்ரோகிராம எனக்கு அனுப்புங்க. அடுத்த கப்பலுக்கு ரெண்டு பேரும் பாக்கணும்." அக்கா என்று சொல்லவில்லை.

இளவேனில் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நவநீதன் இன்னும் ஷிப்டில்தான் இருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. குழாயில் பால் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து கிளியின் காதோரத்தை மோந்து பார்த்தாள். வாசனை அப்படியே இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சற்றுப் பொறுத்து, மறுபடி குனிந்தாள்.